தண்ணீர்மலை மரக்கிளையில் ஒரு பாலைவனம்

(புல்வெளியிலும் பாலைவனத்திலும் செடிகொடிகளும் விலங்குகளும் பிழைத்து வாழும் விதம் பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாலைவனம் என்றதும் பினாங்குவாசிகளின் மனக்கண்ணில் ஒட்டகமும் மணல்மேடும்தான் வந்து நிற்கும். அதெல்லாம் அரபு நாட்டிலும் ராஜஸ்தானிலும் உள்ள சமாச்சாரம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்தத் தீவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதில் தவறில்லை. ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது பாலைவனம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் பினாங்கில் பாலைவனத்துக்கு இடமே இல்லை.

ஆனால், அடுத்த முறை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது, அருகில் 1884ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். வயதான தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். மலாய்க்காரர்கள் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’, என்று பெயர் வைத்த மரம் அது. மாலையானால் இலையை மடக்கிக்கொள்ளும். அதன் கிளைகளில் பச்சை நாணயங்களைக் கோத்து ஒட்டியது போல, தடித்த வட்ட இலைகளோடு ஒரு சிறு கொடி படர்ந்திருக்கும். ‘சிசிக் நாகா’ என்பது அதன் மலாய்ப் பெயர். நாகத்தின் செதில் என்று பொருள். பெரணி இனத்தைச் சேர்ந்தது. பலர் நினைப்பது போல அது புல்லுருவி அல்ல. புல்லுருவி மரத்துக்குள் வேர் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். இது மரத்தை வெறும் இருக்கையாக மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த இருக்கையில்தான் விஷயம் இருக்கிறது. கிளையில் மண் கிடையாது. எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் சில நிமிடங்களில் மரப்பட்டையிலிருந்து வழிந்து ஓடிவிடும். மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில் காய்ந்தால் பட்டை சருகு போல் ஆகிவிடும். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே பினாங்கில் மழை குறைந்த காலம். வெறுங்காலோடு வரும் பக்தர்களுக்காகத் தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். தலைக்கு மேலே கிளையில் இருக்கும் அந்தச் சிறு செடிக்கு யாரும் பந்தல் போடுவதில்லை. மழை பெய்வது வேறு, தண்ணீர் தங்குவது வேறு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பழந்தமிழர் இதை வேறு வழியில் கண்டுகொண்டிருந்தார்கள். சிலப்பதிகாரம் பாலையைத் தனியொரு நிலமாகக் காட்டவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கடும் வெயிலில் தங்கள் இயல்பு கெட்டுத் திரியும்போது கொள்ளும் வடிவமே பாலை என்கிறது. அதாவது, பாலை என்பது ஊரின் பெயரல்ல, ஒரு நிலைமையின் பெயர். அந்த நிலைமை மரக்கிளையிலும் வரலாம், கடற்கரை மணலிலும் வரலாம், வீட்டுக் கூரையிலும் வரலாம். அங்கெல்லாம் வாழும் உயிர்கள் ஏறத்தாழ ஒரே வகையான உபாயங்களைத்தான் கையாள்கின்றன. ஒவ்வோர் உபாயத்துக்கும் அவை ஒரு விலையும் கொடுக்கின்றன. உபாயத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் நிறையவே பேசுகின்றன. விலையைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

இரவில் வாய் திறக்கும் இலை

செடியின் இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சமையல் செய்ய அந்தத் துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிடும். மூடிக்கொண்டால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் பட்டினி. வறண்ட இடத்துச் செடிக்கு இது இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை.

சிசிக் நாகா கண்ட வழி இது: பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்து, ஒருவகைப் புளிப்பு அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைக்கிறது. விடிந்ததும் கதவை மூடிவிட்டு, சேமித்ததை வெளியே எடுத்து வெயிலின் உதவியோடு சமைத்துக்கொள்கிறது. மெக்சிகோவின் பாலைவனக் கள்ளிச் செடிகள் செய்வதும் அச்சு அசலாக இதே வேலைதான். கள்ளிக்கும் பெரணிக்கும் உறவு என்று பார்த்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். இருந்தும் பிழைப்பு இரண்டையும் ஒரே வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இதில் தமிழர்களுக்கு ஒரு சுவையான பங்கு உண்டு. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று ஒரு செடி. ரணகள்ளி என்றும் சொல்வார்கள். அதன் இலையைப் புத்தகத்துக்குள் வைத்தால் ஓரங்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், அந்த இலையை வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். காலையில் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று 1813ஆம் ஆண்டில் லண்டனில் உள்ள லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். காலையில் புளித்தது இரவெல்லாம் சேர்த்து வைத்த அமிலம் என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை; ஒரு நாக்கு, ஒரு இலை, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

பினாங்குச் சந்தையில் விற்கும் அன்னாசியும் டிராகன் பழமும் இப்படி இரவில் வாய் திறக்கும் செடிகளிலிருந்து வருபவையே. வீட்டு வாசலில் நிற்கும் சோற்றுக் கற்றாழையும் அந்த வர்க்கம்தான். மரக்கிளையில் தொற்றி வாழும் புறா ஆர்க்கிட்டும் அப்படியே. அந்த ஆர்க்கிட்டுக்கு இன்னொரு வினோதப் பழக்கம் உண்டு. வெயில் காலத்தில் திடீரென்று ஒரு மழை பெய்து காற்று குளிர்ந்தால், அதன் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஏறத்தாழ ஒன்பதாம் நாள், ஊரில் உள்ள புறா ஆர்க்கிட் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே காலையில் வெள்ளை வெளேரென்று பூக்கும். மறுநாள் பார்த்தால் வாடிவிடும். பூவுக்குச் செலவிடும் தண்ணீரை ஒரே நாளோடு முடித்துக்கொண்டு, அந்த ஒரு நாளில் எல்லாப் பூக்களும் ஒன்றுக்கொன்று மகரந்தம் மாற்றிக்கொள்ள வழி செய்யும் ஏற்பாடு அது.

அதே கிளையில் வாழும் பறவைக்கூட்டுப் பெரணி முற்றிலும் வேறு வழி பிடிக்கிறது. நீண்ட இலைகளைக் கூடை போல் விரித்து, மேலிருந்து விழும் சருகுகளைப் பிடித்து மக்கச் செய்து, தனக்கென்று ஒரு பிடி மண்ணைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மண் இருந்தால் ஈரம் தங்கும். சிக்கனம் ஒரு வழி, தேட்டம் இன்னொரு வழி!

இரவுச் சேமிப்புக்கு விலை என்ன? வேகம். ஓர் இரவில் சேமிக்கும் அமிலத்துக்கு அளவு உண்டு. மறுநாள் பகலில் அந்த அளவுக்குத்தான் சமையல். அதனால் இவ்வகைச் செடிகளில் பல மெதுவாகவே வளர்கின்றன. ஈரமான நல்ல மண்ணில், வேகமாக வளரும் செடிகளோடு போட்டி போட முடியாமல் நிழலில் மூழ்கிவிடுகின்றன. யாரும் விரும்பாத இடமே அவற்றின் ராஜ்ஜியம்.

கள்ளிக்கும் கள்ளிக்கும் வித்தியாசம்

தமிழ்நாட்டுக் கிராமத்து வேலிகளில் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் பக்கம் பக்கமாக நிற்கும். மூன்றுக்கும் கள்ளி என்றே பெயர். ஆனால், முதல் இரண்டும் ஒரு குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு குடும்பம். கண்டுபிடிக்க எளிய வழி, கள்ளிப்பால். கீறினால் பால் வடிந்தால் அது பழைய உலகத்துக் கள்ளி. சப்பாத்திக்கள்ளியில் பால் வராது. ஆமணக்கின் உறவுக்காரச் செடியும் அமெரிக்கச் செடியும் கடலுக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்காமலே, தண்டைத் தண்ணீர்த் தொட்டியாக்கி, தண்டாலேயே சமைத்து, முள்ளைக் காவலுக்கு வைத்து, ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. முகம் பார்த்து உறவு சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கள்ளி நல்ல உதாரணம்.

பினாங்கின் அடுக்குமாடி வீட்டு பால்கனிகளில் ‘பாலைவன ரோஜா’ என்று ஒரு செடியை ஆசையாக வளர்க்கிறார்கள். அடித்தண்டு பருத்துப் பானை போல் இருக்கும். ஆப்பிரிக்காவிலும் அரபு நாட்டிலும் அந்தப் பானைதான் அதன் வறட்சிக் காப்பீடு. இங்கே அது சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல. தினமும் அன்போடு தண்ணீர் ஊற்றுவதால் அடி அழுகிச் சாகிறது. வறட்சிக்காக உண்டான உறுப்பு, ஈரத்தில் நோய்க்கு வாசலாகிவிடுகிறது. இதையும் அந்த விலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

லாலாங் சொல்லும் பாடம்

பாலைவனத்திலிருந்து இனிப் புல்வெளிக்கு வரலாம். மலேசியத் தமிழர்களுக்கு லாலாங் புல்லைத் தெரியாமல் இருக்க முடியாது. தோட்டப்புறத்தில் அதோடு மல்லுக்கட்டாத குடும்பம் ஏது? வெட்டினால் வளரும், எரித்தால் முன்னைவிடச் செழிப்பாக வரும், மண்வெட்டியால் கொத்தினால் ஒன்று பத்தாகும்.

அதன் ரகசியம் தரைக்கடியில் இருக்கிறது. லாலாங்கின் எடையில் பெரும் பங்கு மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டுகளே. அவற்றின் நுனி ஊசி போல் கூர்மையாக இருக்கும். மேலே தீ பரவினாலும் சில அங்குல மண் கீழே இருக்கும் தண்டுக்குச் சூடு எட்டுவதில்லை. தீ அணைந்த சில நாள்களில், போட்டிச் செடிகள் எல்லாம் சாம்பலாகிக் கிடக்கும் வெளியில், லாலாங் மட்டும் பச்சையாக எழும். எரிந்த பிறகே அது தாராளமாகப் பூக்கிறது. வெள்ளைப் பஞ்சுக் கதிர்கள் காற்றேறிப் போகின்றன. கொத்தும்போது துண்டாகும் ஒவ்வொரு கணுவும் புதுச்செடி. ஆக, மண்வெட்டி பிடித்தவர் தன்னையறியாமல் அதற்கு நாற்று நட்டுக் கொடுத்தார்.

எல்லாப் புல்லுக்கும் பொதுவான ஒரு சாமர்த்தியமும் உண்டு. மரம் நுனியில் வளர்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை நின்றுவிடும். புல்லின் இலை அடியிலிருந்து வளர்கிறது, மனிதனின் தலைமுடி போல. மாடு மேய்ந்தாலும், இயந்திரம் வெட்டினாலும், அடிப்பகுதி இருக்கும்வரை புல் புல்தான். கோத்தா லாமா திடலில் மாதந்தோறும் புல் வெட்ட முடிவது இதனால்தான். இலையின் விளிம்பில் மணலின் அதே பொருளான சிலிக்காவைப் புல் சேர்த்து வைக்கிறது. லாலாங் கையைக் கிழிப்பது அதனாலே. மேயும் விலங்கின் பல்லையும் அது தேய்க்கும். பதிலுக்குக் குதிரையும் மாடும் உயரமான, தேயத் தேய ஈடுகொடுக்கும் பற்களை வளர்த்துக்கொண்டன. புல்லும் பல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படி ஒன்றையொன்று தீட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.

இத்தனை பலம் கொண்ட லாலாங்குக்கு ஒரே ஒரு பலவீனம், நிழல். திறந்த வெயிலுக்காகவே உருவான புல் அது. ரப்பர் தோட்டங்களில் அதை அடக்கிய முறைகளில் முக்கியமானது, படரும் அவரை இனக் கொடிகளை நட்டுத் தரையையே போர்த்திவிடுவது. கத்தியும் தீயும் ஜெயிக்க முடியாததை ஒரு கொடியின் நிழல் ஜெயித்தது.

வெயிலை விரும்பும் புல்லின் வயிற்றுக்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. அது கரும்பில் தொடங்கிய கதை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழ்த் தொழிலாளர்கள் கணிசமாக வந்தார்கள்; ரப்பர் எல்லாம் பிற்பாடுதான். அந்தக் கரும்பு நெல்லைவிட வேறு மாதிரிச் சமைக்கிறது என்பதை ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வாளர்கள் 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஹட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966ஆம் ஆண்டில் அதன் வழிமுறையை விளக்கினார்கள். கடும் வெயிலில் நெல்லின் இலை கரியமில வாயுவுக்குப் பதிலாக அடிக்கடி பிராணவாயுவைத் தவறாகப் பிடித்து, சக்தியை வீணாக்கிவிடும். கரும்பும் சோளமும் லாலாங்கும் கரியமில வாயுவை முதலில் ஓர் அறையில் பிடித்து, உள் அறைக்குள் அடர்த்தியாகத் திணித்த பிறகே சமைக்கின்றன. ஆகவே இலைத்துளையை அகலத் திறக்கத் தேவையில்லை. அதே விளைச்சலுக்கு ஏறத்தாழப் பாதித் தண்ணீர் போதும்.

இதற்கும் விலை உண்டு. அந்தத் திணிப்பு வேலைக்கு அதிக வெளிச்சம் வேண்டும். வெப்பமும் வெளிச்சமும் குறைந்த இடத்தில் அது வீண் செலவு. நெல்லுக்கும் இந்த வழியைப் புகட்ட முடியுமா என்று பன்னாட்டு விஞ்ஞானிகள் 2008ஆம் ஆண்டு முதல் முயன்று வருகிறார்கள். எளிதாக இல்லை. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை செல்சியஸ்தான் மலேசியாவின் உச்ச வெப்பம். அப்படிப்பட்ட ஆண்டுகள் அடிக்கடி வருமானால், கெடாவிலும் செபராங் பிறையிலும் நெல் நட்டவர்களுக்கு அந்த ஆய்வின் முடிவு சோற்றுப் பிரச்சினையாகவே இருக்கும்.

கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. தெலுக் பஹாங் பக்கத்து மணற்கரைகளில் ஊதாப் பூவோடு படரும் கொடியைச் சங்கத் தமிழ் அடும்பு என்றது. மலாயில் அது ‘தாப்பாக் கூடா’, குதிரைக் குளம்பு. தமிழ்நாட்டு மீனவர்கள் அதே இலையில் ஆட்டின் குளம்பைக் கண்டார்கள். சுடுமணலும் உப்புக் காற்றும் அதை ஒன்றும் செய்வதில்லை. மணல் மூடினால் மூடிய கணுவிலிருந்து புதுவேர் விட்டு மேலே வரும். அதன் பின்னால் நிற்கும் சவுக்கு மரத்தில் இலை போலத் தோன்றுபவை இலைகளே அல்ல, பச்சைக் குச்சிகள். உண்மையான இலைகள் கணுவில் பல்வரிசை போலச் சுருங்கிக் கிடக்கின்றன. இரண்டும் மழை நாட்டில் வாழும் பாலைவனவாசிகளே.

ஒட்டகத்தின் கணக்கு

விலங்குகளுக்குக் கால் இருப்பதால் அவற்றின் கதை கொஞ்சம் வேறு. வெயிலிலிருந்து ஓட முடியும், ஒளிய முடியும். வடக்குத் தீபகற்பத்தின் மணற்கரைகளில் வண்ணத்துப்பூச்சி ஓணான் என்று ஒரு பிராணி வாழ்கிறது. மலாயில் ‘பியாவாக் பாசிர்’. மணலில் வளை தோண்டி, காலையில் வெளியே வந்து வெயில் காய்ந்து, இரை தேடி, வெப்பம் ஏறினால் உள்ளே போய்விடும். தார்ப் பாலைவனத்தின் முள்வால் ஓணான் இதன் சொந்தக்காரன்; அதன் தினசரி நடப்பும் இதேபோலத்தான். அங்குள்ள பாலைவன எலி நிலத்தடி வளையின் ஈரக்காற்றில் பொழுதைப் போக்குகிறது. தான் தின்னும் விதை உடம்புக்குள் எரியும்போது உண்டாகும் சொற்பத் தண்ணீரைக்கூட வீணாக்காமல், சிறுநீரைக் கெட்டியாக்கிக் கழிக்கிறது.

ஒட்டகத்துக்கு ஒளிய இடமில்லை. அத்தனை பெரிய உடம்புக்கு எங்கே வளை தோண்டுவது? அதன் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். திமிலில் இருப்பது கொழுப்பு. உண்மை நிலவரத்தை 1950களில் சகாராவில் ஒட்டகங்களோடு தங்கி ஆராய்ந்தவர் கினூட் ஷ்மிட் நீல்சன் என்ற விஞ்ஞானி. மனிதனின் உடல் வெப்பம் ஒன்றிரண்டு பாகை கூடினாலே காய்ச்சல். தாகத்தில் இருக்கும் ஒட்டகமோ விடியற்காலையில் 34 பாகை வரை குளிர்ந்து, மாலைக்குள் 40 பாகைக்கு மேல் சூடேற விட்டுவிடுகிறது. பகல் வெப்பத்தை வியர்வையால் இறக்காமல், உடம்பிலேயே தேக்கி வைத்து, இரவின் குளிரில் இலவசமாக வெளியே விடுகிறது. வியர்க்காத தண்ணீர் மிச்சப்பட்ட தண்ணீர் அல்லவா! வெயிலில் அந்த ரோமக் கம்பளி எதற்கு என்ற கேள்விக்கும் அவர் விடை கண்டார். ரோமத்தை மழித்துவிட்ட ஒட்டகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தண்ணீரை இழந்தது. உடல் எடையில் கால் பங்கு வற்றினாலும் தாங்கிக்கொண்டு, தண்ணீரைக் கண்டதும் பத்து நிமிடங்களில் சுமார் 100 லிட்டர் குடித்து முடிக்கும்.

பாலைவனத்துத் தகப்பன்மார்களில் கல்கௌதாரிக்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும். ஆண் பறவை தினமும் தொலைதூர நீர்நிலைக்குப் பறந்து, வயிற்றிறகைத் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொள்ளும். அந்த இறகு பஞ்சு போல் நீரைப் பிடித்து வைக்கும்படி அமைந்தது. அப்படியே பறந்து வந்து நின்றால், குஞ்சுகள் இறகைக் கோதிக் குடிக்கும். வழியில் ஆவியானது போக மிஞ்சுவது சில தேக்கரண்டி அளவுதான். அதற்காகக் கிலோமீட்டர் கணக்கில் பயணம்.

தேரியும் வன்னியும்

பினாங்குத் தமிழர்களில் பலரின் பூர்வீகம் ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம். அங்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் தேரி என்ற செம்மணல் பரப்பு உண்டு. பாலைவனக் கணக்கைவிட அங்கு மழை அதிகம்தான். ஆனால் பெய்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். பெய்ததும் மணலில் இறங்கிக் காணாமல் போகும். அங்கே குடை பிடித்தது போல் நிற்கும் உடைமரமும், அதைவிட முக்கியமாகப் பனையும் நின்று வாழ்கின்றன.

பனங்கிழங்கைத் தின்றவர்களுக்கு அது ஒரு வறட்சிக் கருவி என்று தோன்றியிருக்காது. பனங்கொட்டை முளைக்கும்போது மேலே வருவதில்லை. முதலில் ஒரு குழலைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அந்தக் குழல்வழி முளைக்கரு மண்ணின் ஆழத்துக்கு இறங்கி, அங்கே கிழங்காகச் சத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆட்டின் வாயும் வெயிலும் தீயும் எட்டாத ஆழத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்துவிட்டு, பிறகுதான் மெதுவாக இலை விடுகிறது. அடிமரம் எழும்பி நிற்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். பாட்டன் நட்டால் பேரன் நுங்கு வெட்டுவான் என்ற பேச்சில் மிகையில்லை.

நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று அம்பு போடும் வன்னி மரமும் பாலைவனத்துப் பிள்ளையே. தார்ப் பாலைவனத்தின் உயிர்நாடியான கேஜ்ரி மரம் அதுதான். 1983ஆம் ஆண்டு முதல் ராஜஸ்தானின் மாநில மரம். ஆழத்து நீரைத் தேடி வேரை வெகு தூரம் அனுப்புவதால், எல்லாம் காய்ந்து கிடக்கும் கோடையிலும் தளிர் விடும். ஜோத்பூர் அருகே 1730ஆம் ஆண்டில் இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 363 பிஷ்ணோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள் என்பது அச்சமூகம் இன்றும் நினைவுகூரும் வரலாறு.

வன்னியின் அமெரிக்க உறவினர்தான் சீமைக் கருவேலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்கும் பசுமைக்கும் என்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ராமநாதபுரத்துக் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடி நிற்கிறது. அதன் திறமை ஒன்றும் குறைந்ததல்ல. வன்னியின் உபாயங்கள் எல்லாம் அதற்கும் கைவந்தவை. கூடவே வேகமும் உண்டு, அதை மேயும் பிராணிகளும் குறைவு. கோடியக்கரையில் இது படுத்தும் பாடு தனிக்கதை. அங்குள்ள வெளிமான்கள் திறந்த புல்வெளிக்காகப் பிறந்தவை. தூரத்திலேயே எதிரியைப் பார்ப்பது, பார்த்ததும் ஓடுவது, இவ்விரண்டே அவற்றின் பாதுகாப்பு. புதர் மண்டினால் பார்வையும் போயிற்று, ஓட்டமும் போயிற்று. கொடுமை என்னவென்றால், சீமைக் கருவேலத்தின் இனிப்புக் காயை அந்த மான்களே தின்று, விதையைப் புல்வெளியெங்கும் கொண்டுபோய்ப் போடுகின்றன.

கானமயிலின் கண்

விலையைப் பற்றி முன்பு சொன்னதன் உச்சம் கானமயில். மயில் என்று பெயரில் இருந்தாலும் மயிலல்ல. ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும், பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட புல்வெளிகளிலும் இருந்தது. பறவையியலாளர் சாலிம் அலி இதைத்தான் இந்தியாவின் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று வாதாடினார். 1963ஆம் ஆண்டில் அந்தச் சிறப்பு மயிலுக்குப் போயிற்று.

தரையில் நடந்து இரை தேடும் பறவைக்கு, பக்கவாட்டிலும் பின்னாலும் வரும் ஆபத்து தெரிய வேண்டும். ஆகவே அதன் கண்கள் தலையின் இரு புறமும் அமைந்தன. நேர் எதிரே பார்வை குறுகலாகிவிட்டது. புல்வெளியின் வானத்தில் எதிரே மோத எதுவும் இல்லாத காலம் வரை அது ஒரு குறையே அல்ல. இன்று தார்ப் பாலைவனத்தின் குறுக்கே, சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் உயரழுத்தக் கம்பிகள் ஓடுகின்றன. கானமயில் கம்பியைப் பார்ப்பதற்குள் நெருங்கிவிடுகிறது. கனத்த உடம்பால் சட்டென்று திரும்பவும் முடிவதில்லை. பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை அது. வறண்ட நாட்டில் குறைவாகப் பெற்று நெடுநாள் வாழ்வது நல்ல கணக்குத்தான். ஆனால் பெரிய பறவைகள் வரிசையாகக் கம்பியில் விழுந்தால் அந்தக் கணக்கு நேராவதில்லை. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 150, ஒருவேளை அதற்கும் குறைவு.

இதற்கு முன்பே அதன் வீடு பறிபோயிருந்தது. காடு என்றால் மரியாதை, வயல் என்றால் மரியாதை. புல்வெளிக்கு மட்டும் அரசாங்க ஏட்டில் தரிசு, புறம்போக்கு என்று பெயர். தரிசு என்று எழுதியாகிவிட்டால் அங்கே மரம் நடுவதும் நல்ல காரியம், சூரியத் தகடு விரிப்பதும் நல்ல காரியம். கரியைக் குறைக்கச் சூரிய மின்சாரம் தேவை என்பதில் யாருக்கும் இரு கருத்து இல்லை. அதனாலேயே இந்த வழக்கு கடினமானது. கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அரசாங்கம் முறையிட, 2024ஆம் ஆண்டு மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது.

இதற்கிடையே ஜெய்சல்மர் மாவட்டத்தில் 2019ஆம் ஆண்டு முதல் கானமயில் முட்டைகளை எடுத்து, பொரிக்க வைத்து, வளர்த்து வருகிறார்கள். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் முறையில் ஒரு குஞ்சு பொரித்தது. இந்த இனத்தில் அதுவே முதல் முறை. வளரும் குஞ்சுகளை ஒருநாள் வெளியே விட வேண்டும். அவற்றின் கண் கோடிக்கணக்கான ஆண்டுகளாக எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. ஆகவே குறுக்கே கம்பி ஓடாத, மரம் நடப்படாத, தரிசு என்று யாரும் உழுதுவிடாத புல்வெளி இன்னும் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.